இடுப்பு மெலிந்த பீம்கள்

லாரி போன பிறகுதான் புகழேந்தி பீம்களைச் சரியாகப் பார்த்தார். மயிலாப்பூரில் எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்கு வந்த எட்டு இரும்பு பீம்களிலும், இரண்டு முனைகளுக்கு அருகே, யாரோ கடித்துத் தின்றதுபோலப் பக்கவாட்டில் வளைவாக வெட்டியிருந்தது. எட்டும் நல்லபடியாக வந்து சேர்ந்தன என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத்தான் போன வேலையும் போனது. ஐந்து மாதம் மாமியார் முகத்தைப் பார்த்தபடி வீட்டில் உட்கார்ந்திருந்தவர், திங்கட்கிழமைதான் இந்த சைட்டுக்கு சூப்பர்வைசராக வந்தார். அவசரமாக ஆள் வேண்டும் என்றார்கள். ஏன் அவசரம் என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. இந்த வேலையும் போனால் வீட்டுப் படியேற முடியாது என்ற பயம் மட்டும் இருந்தது.

இன்ஜினீயர் ஹம்சினி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

புகழேந்தி பீம் அனுப்பிய தொழிற்சாலைக்குப் போன் போட்டார். "அது அப்படித்தான் சார் வரும்" என்று சொல்லிவிட்டு எடுத்தவன் வைத்துவிட்டான். என்ன திமிர் என்று முணுமுணுத்தார். வரைபடத்தைத் தேடினார். அதை விரித்து வைத்து வெல்டர் தணிகாசலம் வடை தின்றுகொண்டிருந்தார். படத்தில் பீமும் தூணும் சேரும் இடம் முழுக்க எண்ணெய்.

"வெட்டுன எடத்துல தகடு வச்சு அடைச்சிடலாமா?"

"அடைக்கலாம் சார். ஆனா நானும் உங்கள மாதிரி இந்த வாரம் வந்தவன். யாரையாவது ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

"கேட்டா என் வேல போயிடும்."

அந்த சைட்டில் பழைய ஆள் தாயம்மா ஒருத்திதான். பெருக்குவாள், டீ வாங்கி வருவாள். டம்ளரை வைத்துவிட்டு, "நைனா, அந்த பீமு..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

தகடு வைத்து அடைத்தார்கள். அடைத்த இடம் கருகிப்போய் நன்றாகவே காட்டிக்கொடுத்தது. தேய்த்தார்கள். தேய்த்த இடம் பளபளத்தது. பெயிண்ட் அடித்தார்கள். பீம் செங்காவி, கையில் இருந்ததோ சாம்பல் நிறம். முனைகளுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்ததால் எட்டு பீமுக்கும் முழுசாகச் சாம்பல் அடித்தார்கள். நடுவில் தாயம்மா இன்னொரு தடவை வந்தாள். புகழேந்தி அவள் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து வாயை அடைத்தார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலை முடிந்தது. சட்டையில் பாதி சாம்பல், ஆனால் மனசு லேசாகியிருந்தது. வாசலில் இன்ஜினீயரின் கார் நின்றது.

"பாத்தியா தாயம்மா, ஒரு வெட்டு தெரியுதா? ஆமா, காலைலேர்ந்து ஏதோ சொல்ல வந்தியே, இன்னா அது?"

தாயம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"பூமி ஆட்டம் குட்த்தா தூணுக்கு ஒண்ணும் ஆவாம பீமு அந்த எடத்துல வளைஞ்சிக்கணும்னு வேணும்னேதான் வெட்றாங்களாம் நைனா, உனுக்கு முன்னாடி இருந்தவரும் இப்டிதான் எல்லாத்தையும் அடைச்சாரு, அதனாலதான் உனுக்கு இந்த வேல கெடச்சுது."