பாவித்த மெத்தை – ஒன்று

“பாவித்த மெத்தை, ரெண்டு பேர் படுக்கிறது – ஒண்டு,” என்று ஸரீனா உரத்து வாசித்துவிட்டுக் கடதாசியை மேசையில் வைத்தாள். “ஆர் பாவிச்சது?”

அவளுடைய கணவன் ஜெஸீம் வாயில் வைத்த இடியப்பத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான். கத்தாரில் பதினொரு வருஷம் வேலை செய்துவிட்டு, இனிப் போவதில்லை என்று மன்னார் எருக்கலம்பிட்டிக்கு வந்து அன்றோடு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவன் வாங்கிய வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்து கொழும்பில் சுங்கத்தாரின் கையில் கிடந்தன. அவற்றின் பட்டியல்தான் இப்போது இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“ஒருத்தரும் பாவிக்கேல்ல. எல்லாம் புதுசு.”

“அப்ப பாவிச்சது எண்டு ஏன் எழுதினீங்க?”

“நீதானே எழுதச் சொன்னனீ! புதுசு எண்டா கஸ்டம்ஸ்காரன் வரி போட்டுத் தோலை உரிச்சிடுவான் எண்டு.”

அதுவும் உண்மைதான். சுங்கத்தாரோடு மல்லுக்கட்டி அனுபவப்பட்டவள் ஸரீனா. ஜெஸீம் இத்தனை வருஷத்தில் அனுப்பிய பதினாலு பெட்டிக்கும் மன்னார் பசாரில் இருக்கும் சுங்க ஏஜென்டின் கந்தோருக்குத் தனியே அலைந்தவள் அவள். பெட்டி வந்த ஒவ்வொரு முறையும் வரியைச் சொல்லி அழுது வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். அவனும் வெள்ளிக்கிழமைகளில் ஓவர்டைம் செய்து வரிக்காசை அனுப்பிவைப்பான். பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் இப்படியும் ஒரு வரியா என்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வேலை செய்வான்.

“பாவிச்சது எண்டு எழுதச் சொன்னது நான். ரெண்டு வருஷம் எண்டு கணக்குச் சொன்னது ஆர்? தையல் மெசின், ரெண்டு வருஷம். தலைமயிர் காயவைக்கிற மெசின், ரெண்டு வருஷம். உங்கட தலையில காயவைக்க என்ன இருக்கு?”

ஜெஸீம் தன் வழுக்கையைத் தடவினான். கேள்வி நியாயமானதாகத்தான் பட்டது.

“எல்லாம் உனக்கு வாங்கினது.”

“மடியில கனமில்லாட்டி வழியில பயமில்ல. ஏஜென்டுக்கு அனுப்பின படங்களைக் காட்டுங்கோ பாப்பம்.”

அந்தப் படங்களை அவன் காட்டியிருக்கக் கூடாது. சாமான்கள் வீட்டில் பாவனையில் இருந்ததற்குப் படம் வேண்டும் என்று ஏஜென்ட் ஆதம்பாவா கேட்டிருந்தார். ஜெஸீம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. கூட்டாளி ஒருவனின் அறையில் மெத்தையை விரித்தான். இரண்டு தலையணை போட்டான். தையல் மெசினில் பாதி தைத்த துணி ஒன்றைச் செருகினான். போதாக்குறைக்கு, ஸரீனாவுக்கென்று வாங்கிய ரோஸ் நிறச் சால்வையைக் கண்ணாடி மேசையில் தொங்கவிட்டு, பார்க்கிறவர்கள் நம்பும்படியாகப் படமெடுத்தான்.

பார்த்தவள் நம்பிவிட்டாள்.

“ஆரிந்த ரோஸ் சால்வைக்காரி?”

“நீதான்.”

“நான் எப்ப கத்தாருக்கு வந்தனான்?”

ஸரீனா எழுந்து கதவு நிலையில் கைவைத்து நின்றாள். “இது எனக்கு உம்மாவும் வாப்பாவும் சீதனமாத் தந்த வீடு. மெத்தை வந்தா உள்ளுக்க வரட்டும். நீங்க வாறது, விசாரிச்சுப்போட்டு யோசிக்கிற விஷயம்.”

போக ஜெஸீமுக்கு வேறு இடமில்லை என்பது ஒருபுறம். இவளோடு ஒரு கூரையின் கீழ் இருக்கத்தானே பதினொரு வருஷம் நாள் எண்ணினான்! வந்த நாலாம் நாளே வெளியே போ என்றால் மனுஷன் எப்படித் தாங்குவான்?

ஓடிப்போய்த் தன் பயணப் பெட்டியின் அடியில் ஒளித்திருந்த பில்களை எடுத்துவந்தான். சுங்கத்தாரின் கண்ணில் படாமல் கிழித்திருக்க வேண்டியவை அவை.

“இந்தா, திகதியைப் பார். எல்லாம் ரெண்டு மாசத்துக்கு முந்தி வாங்கினது. இதில ஆர் ரெண்டு வருஷம் படுக்கிறது?”

ஸரீனா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிறகு பில்களோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாடா என்று ஜெஸீம் மிச்ச இடியப்பத்துக்குச் சொதி விட்டான்.

சொதி ஊறுவதற்குள் கைத்தொலைபேசி அடித்தது. ஏஜென்ட் ஆதம்பாவா.

“தம்பி, உங்கட வீட்டில இருந்து வட்ஸ்அப்பில பில் எல்லாம் வந்திருக்கு. இதுகள் உண்மையான பில்லோ, அடிச்ச பில்லோ எண்டு கேட்டிருக்கிறா. பட்டியலில ரெண்டு வருஷம், பில்லில ரெண்டு மாசம்! என்ர கந்தோர் ஆக்கள் அதையும் உங்கட பைலோட சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பிட்டாங்க.”

ஜெஸீம் சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “அது பொய்ப் பில், ஆதம்பாவா நானா. பெண்சாதியைச் சமாளிக்க அடிச்சது.”

“அப்ப அதைக் கடிதமா எழுதிக் கொண்டாங்கோ. நாளைக்குப் பத்து மணிக்கு முந்தி.”

கடிதம் நன்றாகவே அமைந்தது. ‘மேற்படி சாமான்கள் யாவும் இரண்டு வருடங்களாக எனது வீட்டில் பாவிக்கப்பட்டவை. பில்கள் எனது மனைவியின் சந்தேகத்தைத் தீர்க்கும் பொருட்டுப் பொய்யாகத் தயாரிக்கப்பட்டவை.’ கீழே ‘இப்படிக்கு உண்மையுள்ள’ என்று எழுதும்போது மட்டும் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் சட்டை மாட்டுவதைக் கண்டதும் ஸரீனா வாசலுக்கு வந்துவிட்டாள்.

“எங்க போறீங்க?”

“ஏஜென்டிட்ட.”

“நீங்க என்னத்துக்கு? அந்த ஆக்களோட எனக்குத்தான் பழக்கம். நான் போய்ப் பேசுறன்.”

“வேணாம், நானே போறன்.”

“ஏன்? எனக்குத் தெரியாம அங்க என்ன கதை?”

“ஒரு கதையும் இல்ல.”

“அப்ப நானும் வாறன்.”

சட்டைப் பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு ஜெஸீம் ஓட்டோவின் ஒரு மூலையில் ஒடுங்கினான். மற்ற மூலையில் ஸரீனா. பசார் முகப்பில் நடுவீதியில் நின்ற கழுதைகள் விலகும்வரை ஓட்டோ காத்து நின்றது.

ஆதம்பாவாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கடதாசியையும் வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு விளங்கும். கந்தோரில் கடிதத்தை நீட்டிய ஜெஸீம் கண்ணைக் காட்டினான், இருமினான், கதிரையை இழுத்துச் சத்தம் போட்டான். அவர் ஒன்றையும் கவனிக்காமல் கடிதத்தைத் தொடக்கம் முதல் ‘உண்மையுள்ள’ வரை கணீரென்று படித்து முடித்தார்.

ஸரீனாவின் முகம் வெளிறிப்போனது. “அப்ப பில் பொய். பாவிச்சது உண்மை. கையெழுத்தும் போட்டிருக்கிறீங்க.”

“வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை, எல்லாம் புதுசு!”

ஆதம்பாவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இந்தக் கடிதம்?”

“பொய், நானா.”

“பட்டியல்?”

“அதுவும் பொய்.”

“படம்?”

“அது பெரிய பொய்!”

“பிறகு எதுதான் தம்பி உண்மை?”

இரண்டு பக்கமும் இடிபட்ட மத்தளமாக நின்ற ஜெஸீமுக்கு அழுகை வந்துவிட்டது. “இவளைத் தவிர வேற ஒருத்தியை நான் நிமிர்ந்தும் பாத்ததில்ல. அதுதான் உண்மை. எல்லாத்தையும் புதுசு எண்டு எழுதுங்கோ. எவ்வளவு வரி வந்தாலும் கட்டுறன்.”

பக்கத்து ஊரான தாராபுரத்தில் ஒரு சின்னக் கடை போடுவதற்கென்று வைத்திருந்த காசு அது. கடை போனால் போகட்டும், பெண்சாதி இருந்தால் போதும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டான்.

ஸரீனா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். வரிக்கு இவ்வளவு பயந்த மனுஷன் தனக்காக அதையே கட்டுகிறேன் என்கிறானே என்று அவள் மனம் இளகிப்போனது. அது நடிப்பல்ல.

“எனக்கு விளங்கிட்டுது. இனி ஒண்டும் கேக்கமாட்டன்.”

ஆதம்பாவாவும் இளகினார். “அழாதேங்கோ தம்பி. முந்தி வந்த பெட்டிகளுக்கு வரி கட்டின ரசீதுகள் இருந்தா தாங்கோ. இவ்வளவு கட்டின ஆள் எண்டு காட்டி, இதில கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாப்பம்.”

ஜெஸீமின் முகம் மலர்ந்தது. “பதினாலு பெட்டிக்குக் கட்டியிருக்கிறம், நானா! ஸரீனா, ரசீதெல்லாம் எங்க?”

“அதெல்லாம் கறையான் அரிச்சிட்டுது.”

“பரவாயில்ல தங்கச்சி, இஞ்ச பதிவிருக்கும்,” என்றார் ஆதம்பாவா. “சின்னப் பெட்டி அலுவல் எல்லாம் ஷிஹானாதான் பாக்கிறது. தேத்தண்ணி குடிக்கப் போனவ, இப்ப வந்திடுவா.”

“வேணாம், வேணாம். வரியைக் கட்டிட்டு வாங்கோ, வீட்ட போவம்.” ஸரீனா எழுந்து, சண்டை தொடங்கிய பிறகு முதன்முறையாக அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடியில் ஜெஸீம் சொக்கிப்போனான். இந்தக் கைக்காகக் கொழும்புத் துறைமுகத்துக்கே வரி கட்டலாம் போலிருந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் ஷிஹானா எதிரே வந்துவிட்டாள். விஷயத்தை ஆதம்பாவா உள்ளேயிருந்தே கூவிச் சொன்னார். அவள் ஸரீனாவைக் கண்டு வாய் நிறையச் சிரித்தாள்.

“இதென்ன ராத்தா, இல்லாத ரசீதைத் தேடுறீங்க? ‘உங்கட பெட்டிக்கு வரி இல்ல, சும்மா கொண்டு போங்கோ’ எண்டு பதினாலு தரமும் நான்தானே கையெழுத்து வாங்கி அனுப்பினனான்!”