கட்டி முடித்த வீடு

“கதவ விட்டுடாதப்பா. அவங்க போற வரைக்கும் புடிச்சுக்க” என்றாள் அன்புக்கரசி.

கொளஞ்சியப்பன் தலையாட்டினார். மகள் கட்டும் வீட்டுக்கு நிலை வைத்தாயிற்று, கதவு இன்னும் வாங்கவில்லை. அவர் பிடித்திருப்பது இரவல் கதவு, தச்சர் தங்கதுரை யாரோ ஒரு நல்லூர்க்காரருக்குச் செய்துவைத்தது. ஓர் ஆணி பட்டாலும் அந்த ஆள் வாங்க மாட்டார். அதனால் கீலுக்குப் பதில் கொளஞ்சியப்பன்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, ஆனால் வீடு கட்டி முடிந்திருக்க வேண்டும் என்றார் அன்புக்கரசி வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியின் அக்கவுண்டன்ட் தர்மராஜ். கழிவு இல்லாவிட்டால் மார்ச் சம்பளம் வரிக்கே போய்விடும். கடன் தவணைக்கு எங்கே போவது?

“முடிஞ்சிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி.

“அப்படியா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்” என்றார் அவர்.

கக்கூஸ் இல்லையே என்று கம்பெனிச் சூளையில் கழித்துப்போட்ட, விரிசல் விட்ட கக்கூஸ் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து மணலில் நட்டாள். வீடு மொட்டையாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு ஃபேனை இரவல் வாங்கி மாட்டினாள். கரண்டுக்கு இன்னும் மனுவே போடவில்லை.

தர்மராஜ் மனைவி ராஜம்மாளோடு வந்து சேர்ந்தார்.

“ஃபேனப் போடும்மா, வேகுது.”

“கரண்ட் கட்டு சார்.”

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது.

“அங்க இருக்குது போல?”

“அவங்க வேற ஃபேஸுங்க சார்.”

தர்மராஜ் வாசல் பக்கம் திரும்பினார். “ஏங்க அங்கயே நிக்கிறீங்க? வந்து உக்காருங்க.”

“இருக்கட்டுங்க. இங்க காத்து வருது” என்றார் கொளஞ்சியப்பன். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. மரியாதைக்குக் கும்பிடக் கையெடுத்தார், கதவு சாய்ந்தது. சட்டென்று தோளைக் கொடுத்துத் தாங்கி, ஒற்றைக் கையால் கும்பிட்டுச் சிரித்தார்.

அன்புக்கரசிக்கு முகம் எரிந்தது. மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்த தோள். அதைத் தன் பொய்க்கு முட்டுக் கொடுக்க நிறுத்தியிருக்கிறாள். எதற்கு என்று அந்தப் படிக்காத மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நிற்கிறார்.

“பாத்ரூம் எங்கம்மா?” ராஜம்மாள் எழுந்துவிட்டாள்.

“தண்ணி வரலீங்கக்கா...” என்பதற்குள் உள்ளே போயாயிற்று. ஏதோ சரிந்து விழும் சத்தம். திரும்பி வந்த ராஜம்மாளின் புடவை நுனியெல்லாம் மணல். அதை உதறிக்கொண்டே அன்புக்கரசியை ஏறிட்டுப் பார்த்தாள்.

போதும் என்று பட்டது அன்புக்கரசிக்கு. தவணை போனால் போகட்டும்.

“சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வூடு...”

“நீ இங்க வா.” ராஜம்மாள் அவள் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்க வூடும் இப்படி அரைகுறையாத்தான் கெடக்குது. இவரு போன வருஷமே முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு, வர்ற ஞாயித்துக்கிழமை மேனேஜரு பாக்க வர்றாராம். அந்தக் கதவோட உங்கப்பாவையும் ஒரு நாளைக்கு அனுப்பி வையேன்.”