கிரீஸ் அண்ணனின் இடது முட்டி

ஃபிஜித் தீவில் எங்கள் ஊரான நவுவாவில் ஓடிய எந்தப் பஸ்ஸையும், நடந்த எந்த மனிதரையும் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் டிப்போ மெக்கானிக் கிரீஸ் அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். டிக்கெட் குமாஸ்தாவான நான் வாசலில் கால் வைத்ததும் பஸ்ஸுக்கு அடியிலிருந்து குரல் வரும். "உன் வலது முட்டி வறண்டு கெடக்கு. மனுசனுக்கும் கிரீஸ் அடிக்கணும்டா, எந்த டாக்டருக்கும் புரிய மாட்டேங்குது." மற்றவர்களிடம் இந்தி பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ்.

இந்திய வம்சாவளியினருக்கு எதிராக ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வாரம், தலைநகர் சுவாவுக்குப் போகும் சாலையில் ராணுவத்தினர் எங்கள் பஸ்ஸை மறித்தார்கள். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் ஏறினான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அண்ணன் மட்டும் ஃபிஜி மொழியில், "தம்பி, இடது முட்டி நறநறங்குதே, ரக்பி ஆடினியா?" என்றார். சிப்பாய் அசடு வழிந்து, பக்கத்தில் உட்கார்ந்து வைத்தியம் கேட்டான். அதற்காகப் பஸ் இருபது நிமிடம் நின்றது.

அதன்பின் டிப்போவில் பாதிப் பேர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கிளம்பிவிட்டார்கள். பிரிஸ்பேனிலிருந்து மகள் எத்தனை முறை கூப்பிட்டும் அண்ணன் அசையவில்லை. ஒரு மதியம் பஸ்ஸுக்கு அடியில் படுத்தவரால், முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டதால் எழ முடியவில்லை. நானும் டிரைவரும் இழுத்து வெளியே எடுத்தோம். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அடுத்த மாதம் விமானம் ஏறினார்.

அங்கே ஒரு மருத்துவமனையில் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். முட்டியின் குருத்தெலும்பில் விழுந்த குழிக்குள் ஊசி வழியாக ஒரு ஜெல்லைச் செலுத்துவார்கள். உள்ளே போய் அது கெட்டியாகும். உடம்பின் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு மெல்ல வளரும். சின்னக் குழிக்குத்தான் சரிவரும். முழுக்கத் தேய்ந்திருந்த வலது முட்டியை ஒதுக்கிவிட்டு, இடதை எடுத்துக்கொண்டார்கள்.

"நான் சொன்னதத்தான் இப்பக் கண்டுபிடிச்சிருக்கான்!" என்றார் போனில். "கிரீஸ் அடிக்கிறான்!"

"டாக்டரே அப்படிச் சொன்னாராண்ணே?"

"இல்ல. கிரீஸ் இல்லியாம். கொடி ஏறப் பந்தல் போடுற மாதிரியாம். ஆறு வாரம் அந்தக் கால்ல லோடு ஏத்தக் கூடாதுங்கிறான். இங்க எனக்கு என்னடா லோடு இருக்கு? மூணு மணியானா நம்ம பஸ் சத்தம்தான் காதுல கேக்குது."



போனவர்கள் எல்லோரும் புது வீட்டுக்கு முன்னால், காருக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து அண்ணனிடமிருந்து வந்தது, முட்டியின் ஸ்கேன் படம். குழி இருந்த இடத்தை வட்டமிட்டு, தமிழ் எழுதத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் 'மூடிருச்சு' என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டு ஆல்பத்தில், கல்யாணப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.