பழியெல்லாம் பிக்சல் மேல்

முப்பத்தொரு வருஷமாக என் மனைவியிடம் எதையும் மறைக்காதவன் நான். கொள்கை கிள்கை எல்லாம் இல்லை. மறைக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் போன தை மாசம் தஞ்சாவூர் கண் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நன்னிலத்துக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஒரு சபதம் எடுத்தேன். இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டதாம், வலதும் மங்க ஆரம்பித்துவிட்டதாம். போனது திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்ற உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். இது ஜூலியட்டுக்குத் தெரியவே கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். பயம்தான். கண்ணுக்குள் கத்தி என்ற நினைப்பே எனக்கு ஆகாது. அவளுக்குத் தெரிந்தால் மறுநாளே என்னை அள்ளிக்கொண்டு போய் மேஜையில் படுக்கப் போட்டுவிடுவாள். பைக் சாவி பறிபோகும். விதைப் பண்ணையிலிருந்து ரிட்டயரான கையோடு நான் வாங்கிய எட்டு அங்குல டெலஸ்கோப் பரணுக்குப் போகும். எனக்கோ ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. தொப்பி கேலக்ஸி என்று ஒன்று உண்டு. வட்டமான வெளிச்சம், குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அப்புறம் கண் எக்கேடாவது கெடட்டும்.

டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் இப்போதெல்லாம் புகை மூட்டம். ஆகவே கேமரா வாங்கினேன். கேமரா பிடித்துத் தரும், லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. பிக்சல் எவ்வளவு பொடியோ படம் அவ்வளவு நைஸாக வரும் என்று நினைத்து, இருப்பதிலேயே பொடிப் பிக்சலாகப் பார்த்து வாங்கினேன். ஒரு பிக்சல் இரண்டரை மைக்ரான்கூட இல்லை.

பத்து ராத்திரி எடுத்தேன். பத்தும் கஞ்சி.

அப்புறம்தான் படித்தேன். பிக்சல் அளவை இருநூற்று ஆறால் பெருக்கி, டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். என்னுடையது இரண்டு மீட்டர், அதாவது இரண்டாயிரம் மில்லிமீட்டர். பிக்சலுக்குக் கால் விகலை என்று விடை வந்தது; விகலை என்பது ஒரு டிகிரியில் மூவாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு. நம் டெல்டா ஈரக் காற்றில் நட்சத்திரமே மூன்று விகலைக்கு ஊறி உப்பித்தான் தெரியும். பிக்சலுக்கு ஒன்று, ஒன்றரை விகலை இருந்தால் போதும். நான் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நூறு பிக்சலுக்குப் பங்கு போட்டிருக்கிறேன். ஆளுக்குச் சொட்டுக்கூட தேறவில்லை.

வேறொருத்தன் என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கண் தெரியாததற்கு இவ்வளவு நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? படத்தில் ஜூலியட் ஏதாவது ஒரு புள்ளியைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டால், பிக்சல் சரியில்லை என்பேன். சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றியபோதுகூட வாய் தவறி பிக்சல் என்று சொல்லப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று பைக்கில் ஏறுவதை நிறுத்திவிட்டு, கோயிலுக்கு நடந்தே போக ஆரம்பித்தாள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் புடலங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பிக்சல் பிக்சல்ங்கறீங்களே, அப்படின்னா என்னங்க?"

"கேமராவுக்குள்ள இருக்கிற பொடிக் கட்டம். ஒவ்வொண்ணும் தனித்தனியா வெளிச்சம் பிடிக்கும்."

"சல்லடைக் கண்ணு மாதிரி?"

அவள் அப்பா ரைஸ் மில் வைத்திருந்தவர். அவள் வளர்ந்ததே சல்லடைகளுக்கு நடுவில். ஆமாம் என்றேன்.

"அப்ப மாவு சலிக்கிற சல்லடைய எடுத்துக்கிட்டு நெல்லு சலிக்கப் போயிருக்கீங்க."

நான் மூன்று மாசம் படித்துப் புரிந்துகொண்டதை அவள் புடலங்காய் முடிவதற்குள் சொல்லிவிட்டாள். எனக்கு வயிற்றெரிச்சல்.

"கண்ணுகளைச் சேத்துப் பெருசாக்க வழியில்லையா?"

"இருக்கு. நாலுக்கு நாலு, பதினாறைச் சேத்து ஒண்ணாக்கலாம். விகலைக்கு ஒரு பிக்சல் ஆயிடும்."

"அப்புறம் ஏன் செய்யல?"

செய்தால் படம் சரியாகிவிடும். படம் சரியாகிவிட்டால் என் சாக்கு போய்விடும். இதை எப்படி அவளிடம் சொல்வது? லேப்டாப் தாங்காது என்று முணுமுணுத்தேன். சரி, நானே பார்க்கிறேன் என்றாள். பக்கத்து வீட்டு பூமிகா கம்ப்யூட்டர் படிப்பவள், அவளிடம் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. எப்படி வந்தாலும் பிரமாதம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று எண்ணினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் குழம்பும் சாப்பிட்டு முடித்தபிறகு, லேப்டாப்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"பிக்சலெல்லாம் பெருசாத்தான் இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன் என்று சொன்னால் பொய். சொல்ல வேண்டியதை முதலிலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன். சாம்பலாக ஒரு வட்டம் இருந்தது. குறுக்கே வளைந்து ஒரு கறுப்பு. லேப்டாப்பை மூக்குக்கு அருகே இழுத்துக்கொண்டேன். அந்த ஆவல் மட்டும் பொய்யில்லை.

"ஜூலி, தொப்பி! அந்தப் பட்டையப் பாரு. எவ்வளவு சுத்தமான கறுப்பு. இதுக்குத்தான் இத்தனை நாளா ஏங்கினேன். எப்படி எடுத்த?"

"நான் எடுக்கல. ஆஸ்பத்திரியில எடுத்தது." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "முந்தாநாள் அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு தஞ்சாவூர் போயிருந்தேன். உங்க பார்வை டெஸ்ட் பேப்பருக்கு ரெண்டாவது காப்பி கேட்டு வாங்கி, பூமிகாவ விட்டு போட்டோ எடுத்தேன். இது வானம் இல்லீங்க, உங்க இடது கண்ணு. அந்தக் கறுப்பெல்லாம் இனிமே உங்களுக்குத் தெரியாத இடம்."

நான் பிக்சல் என்று வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். என்னோடு பைக்கில் வருவதை நிறுத்தியதிலிருந்து என்றாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன். சம்மதப் பத்திரத்தையும் அவளே வாங்கி வந்திருந்தாள். கையெழுத்து போடவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். இதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது என்று பேனாவை வாங்கி, ரோஷமாக, என் முழுப் பெயரையும் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"பேப்பர் இந்தப் பக்கம் இருக்குங்க" என்று சொல்லி, மேஜைத் துணியை மெதுவாக உருவினாள்.