டிஸ்க் நைனா இரவல் கொடுத்த பாட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்களில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, ஆறு மாதம் பேசாமலேயே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மாமன் மச்சானை எனக்குத் தெரியும். ஆனால் டிஸ்க் நைனா ஏறினால் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் வைக்க வேண்டும். உலகம் வட்டமானது என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒப்புக்கொள்வார். நடுவில் ஓட்டை எங்கே என்று மட்டும் கேட்பார்.

எங்கள் கம்பெனி ஃபவுண்டரியில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திரா எல்லை. யாரைப் பார்த்தாலும் வாய் நிறைய 'நைனா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவரே எல்லோருக்கும் நைனா ஆகிவிட்டார். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாகப் போகும் எங்கள் பஸ்ஸில் டிரைவர் எத்திராஜுக்குப் பின்சீட்டு அவருடையது. சாப்பாட்டுப் பை காலடியில் கிடக்கும். பாட்டு டிஸ்க்குகள் வைத்த பை மடியில் இருக்கும், அதிலிருந்து அவர் எடுத்துக் கொடுப்பதுதான் பஸ்ஸில் பாடும். சாம்பார் கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம், டிஸ்க்கில் கீறல் விழுந்தால் யார் துடைப்பது என்பார். எல்லாமே கடையில் காசு கொடுத்து வாங்கியவை. காப்பி அடித்த டிஸ்க் யாராவது கொண்டு வந்தால் கையால் தொட மாட்டார். கர்ச்சீப்பால் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

இரவல் கேட்டால் தருவார். ஆனால் முதலில், "கை காட்டு" என்பார். நகம், விரல், உள்ளங்கை எல்லாம் பார்ப்பார். டெஸ்பாட்ச்சில் நான் குமாஸ்தா. என் மேனேஜரே ஒருநாள் ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டார்.

"சார், காலைல இன்னா நாஷ்டா?"

"பூரி, ஏம்பா?"

"அப்ப இன்னிக்கு வாணாம். நாளைக்கு இட்லி துன்ட்டு வாங்க, தரேன்."

கொடுத்ததைத் திருப்பி வாங்குவதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஃபவுண்டரி முனுசாமியின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். நைனா மேடை ஏறி, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார். பெரியவர் வாழ்த்துகிறார் என்று போட்டோக்காரர் ஓடிவந்து படம் எடுத்தார். நைனா கேட்டது இதுதான்: "முனுசாமி, நம்ம டிஸ்க் எங்கடா கீது?" அந்தப் படம் இன்னும் முனுசாமி வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை முகத்தில் கல்யாணக் களை கொஞ்சம் கூட இல்லை.

நான் அப்போது போன் கட்சி. ஆன்லைன் கடை ஒன்றில் காசு கட்டிப் பாட்டுப் பாட்டாக வாங்கிச் சேர்த்து வைத்திருந்தேன். மொத்தப் பாட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது என்று அவரிடம் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

"டப்பு குடுத்தியா?"

"குடுத்துத்தான் வாங்கினேன்."

"எங்க, அத்த கைல குடு பாப்போம்."

கையில் கொடுக்க ஒன்றுமில்லை. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஒருநாள் அந்தக் கடையே இழுத்து மூடப்பட்டது. நான் வாங்கிய பாட்டுகளுக்கு ஒரு பூட்டு உண்டாம். கடைக்காரனிடமிருந்து அனுமதி வந்தால்தான் திறக்குமாம். கடை போனதும் பாட்டுகளின் பேர் மட்டும் வரிசையாக நின்றது, எதைத் தட்டினாலும் சத்தம் வரவில்லை. நைனா ஆரணியில் சிரிக்க ஆரம்பித்தவர் புதுவாயல் வரைக்கும் நிறுத்தவில்லை.

"கடைய மூடினவன் உன் ஊட்டு சாவியையும் எடுத்துக்கினு பூட்டானா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து என் மடியில் வைத்தார். அன்று மட்டும் கை காட்டச் சொல்லவில்லை.

அப்புறம் அவருக்கும் சோதனைக் காலம் வந்தது. கம்பெனி புது பஸ் விட்டது. எத்திராஜ் முகமெல்லாம் பல்லாக டேஷ்போர்டைக் காட்டினார். நைனா கேட்ட முதல் கேள்வி, "டிஸ்க் எங்க போடறது?"

"டிஸ்க்கெல்லாம் பழசு நைனா. இதுல போன்ல இருந்து நேரா பாட்டு வரும்."

நைனா அந்தப் பெட்டியை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "வாயே வெக்காம பண்ணி வச்சிக்கீறானுங்க. இது எப்டிப்பா பாடும்?" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கவே சகிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஸ்டெல்லா வந்தாள். இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை, பெரியபாளையத்தில் ஏறுவாள். மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல். ஷிப்ட் சங்கு, கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பது, அம்மாவின் வெல்டிங் கண்ணாடி என்று தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, லீவு போட்டு லீவு போட்டு மெட்ராஸ் போய் ஆறு பாட்டு ரெக்கார்டு பண்ணிவிட்டாள். ஒரு வெப்சைட்டில் விற்பனைக்கும் வைத்துவிட்டாள். பஸ்ஸில் எல்லோரும் கை தட்டினோம். வாங்கத்தான் ஆள் இல்லை.

"ஒருத்தர் வாங்குனா போதும்மா, மீதிப் பேருக்கு அவரே அனுப்பிடுவாரு" என்று முனுசாமி விளையாட்டாகச் சொன்னான். அவள் முகம் சுருங்கிப்போனது.

"தெரியும்ண்ணா. ஓடுனா பாடுவேன், ஓடலன்னா இத்தோட விட்டுருவேன். சூப்பர்வைசர் இனிமே லீவுன்னு வந்து நிக்காதன்னு சொல்லிட்டாரு."

நைனா திரும்பினார். "டிஸ்க்கா போடலியா கண்ணு?"

"டிஸ்க் போட்டா வாங்கி எதுல கேப்பாங்க நைனா? இது பைல். ஆனா பூட்டு கெடயாது. வாங்குனா உங்களுது. எந்தப் போன்லயும் பாடும். நாளைக்கு அந்தக் கடைய மூடினாலும் உங்ககிட்ட இருக்கும்."

"பூட்டு இல்லன்னா காப்பி எடுத்துற மாட்டானுங்க?"

"எடுக்கலாம். எடுக்காதீங்கன்னு கேட்டுக்கறேன், அவ்ளோதான்."

நைனா கவரைப்பேட்டை கேட்டில் ஒரு சரக்கு ரயில் முழுசாகக் கடந்து போகிற வரைக்கும் யோசித்தார். கேட் தூக்கியதும் தன் போனை என்னிடம் நீட்டி, "வாங்கிக் குடு" என்றார். ஸ்டெல்லாவின் பாட்டுக்கு முதல் கிராக்கி, ஜென்மத்தில் டிஸ்க்கைத் தவிர வேறெதுவும் வாங்காத நைனா.

எத்திராஜின் புது பெட்டியில் அது பாடியது. அடடா! ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்று வண்டியை எப்போதும் விரட்டுகிற எத்திராஜே மெதுவாக ஓட்டினார். இறங்கும்போது எனக்கும் அனுப்புங்கள் என்று நைனாவிடம் கேட்டேன்.

"கை காட்டு."

"நைனா, போன்ல அனுப்பறதுக்கு எதுக்கு கை?"

"காட்டுப்பா."

காட்டினேன். அனுப்பினார். அனுப்பிய கையோடு தன் போனிலிருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தார்.

"ஏன் அழிக்கறீங்க?"

"உனுக்கு குடுத்துட்டேன்ல? குடுத்த பொருளு எங்கிட்ட எப்டி இருக்கும்?"

"இது டிஸ்க் இல்ல நைனா. எங்கிட்டயும் இருக்கும், உங்ககிட்டயும் இருக்கும்."

"அந்தப் பொண்ணு எத்தினி வித்துது?"

"ஒண்ணு."

"இப்ப ரெண்டு ஆளு வச்சிக்கினு கீறோம். ரெண்டாவது எங்கேர்ந்து வந்துது?"

 

மறுநாள் நான் திருப்பி அனுப்பியதும் என் போனைப் பிடுங்கிச் சோதனை போட்டார். பாட்டை அழித்திருந்தேன். குப்பைத் தொட்டியில் இருக்கிறதே என்றார். அதையும் காலி பண்ணினார், கூடவே என் சமையல் கேஸ் புத்தகத்தின் போட்டோவும் போனது.

அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸில் வரிசை ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒருத்தர் கொண்டு போகலாம். மறுநாள் காலையில் திருப்பித் தர வேண்டும். இரவல் வாங்கினவர் ஓவர்டைம் பார்த்துவிட்டு அடுத்த நாள் பஸ்ஸுக்கு வரவில்லை என்றால், பஸ்ஸிலும் பாட்டு கிடையாது. யாராவது லீவு கேட்டால் வீட்டில் விசேஷமா என்று விசாரித்த காலம் போய், பாட்டு உன்கிட்டயா இருக்கு என்று விசாரிக்கிற காலம் வந்தது. "யோவ், பூட்டே இல்லாத பாட்டுக்கு இவரே ஆள் பூட்டா குந்திக்கினு கீறாரே" என்று எத்திராஜ் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆடி மாதத்தில் முனுசாமியின் முறை வந்தது. குழந்தைக்கு மொட்டை போட பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனவன், ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை. பஸ் ஊமையாகிக் கிடந்தது. திரும்பி வந்தவன் படியில் நின்றபடியே சொன்னான்:

"போனு தண்ணித் தொட்டில வுழுந்துட்ச்சு நைனா. எல்லாம் பூட்ச்சு."

பஸ்ஸில் அத்தனை பேர் பார்வையும் நைனா மேல் திரும்பியது. ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள். "பரவால்ல நைனா. நீங்க வாங்கினதுதானே, திரும்ப எறக்கிக்கலாம். காசு வாணாம்."

"ஒடஞ்ச டிஸ்க்குக்கு கடைக்காரன் வேற குடுப்பானா? எரவல் குடுத்தது நானு, தொலைஞ்சது என் பொருளு. நீ ஏன் கண்ணு நஷ்டப்படணும்?" என்று சொல்லி, அங்கேயே இரண்டாவது தடவை வாங்கினார்.

முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு தனக்கு ஒன்று வாங்கினான். எத்திராஜ் வண்டியை ஓரம் கட்டினார். "இந்தப் பேஜாரே வாணாம்பா. என் பாட்ட நான் வச்சிக்கறேன், எவனும் எங்கிட்ட கேக்காதீங்க" என்று அவரும் வாங்கினார். வரிசையில் நின்று நொந்துபோயிருந்த பின்சீட்டுக்காரர்கள் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். நானும் வாங்கினேன். இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு பொன்னேரி பஸ்ஸில் வருகிறவர்கள் அப்படி என்னதான் பாட்டு என்று கேட்டுப் பார்த்து, அவர்களும் வாங்கினார்கள். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலமே அடுத்த பாட்டு எழுத உட்கார்ந்துவிட்டதாக மறுநாள் சொன்னாள்.

எல்லாம் தெரிந்தே செய்தாரா, இல்லை நிஜமாகவே அவருக்குப் புரியவில்லையா? நேராகவே கேட்டேன். "எரவல்னா அப்டித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ரிடையர் ஆகி நைனா பள்ளிப்பட்டுக்கே போய்விட்டார். போன மாதம் ஸ்டெல்லாவின் இரண்டாவது தொகுப்பு வந்தது. காலையில் பஸ் ஏறியதும், "முதல்ல வாங்கினது நைனாதான். ரெண்டு வாங்கியிருக்காரு" என்றாள். ஒன்று எனக்கு. கூடவே அவர் குரலில் ஒரு செய்தியும் வந்திருந்தது.

"தம்பி, இது எரவல் இல்ல. உனுக்குன்னே வாங்கினேன். திருப்பிக் குடுக்காத, அழிக்காத. உன்கிட்டயே கெடக்கட்டும்."

உடனே போன் போட்டு, நான் வாங்க மாட்டேனா, எதற்கு இந்த வீண் செலவு என்று சத்தம் போட்டேன்.

"நீயும் வாங்கேன், யாரு வாணான்னது? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு கூடப் போவட்டும்" என்றார்.

நானும் ஒன்று வாங்கினேன். இப்போது என் போனில் அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பாட்டும் இரண்டு இரண்டாக இருக்கிறது. ஒரே பாட்டு இரண்டு தடவை இருக்கிறது, ஒன்றை அழித்தால் இடம் மிச்சமாகும் என்று போன் அடிக்கடி எனக்கு யோசனை சொல்கிறது. அதில் ஒன்று நைனா கொடுத்தது என்று அதற்கு நான் எப்படிச் சொல்வேன்?