குடை நானாவின் விருந்தாளி அறை

விருந்தாளியிடம் வேலையும் வாங்கி, போகும்போது அவரிடமே நன்றியும் வாங்கிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். கண்டியில், கடைத்தெருவிலிருந்து மலைப்பக்கம் ஏறும் ஒரு சந்தில் அவர் குடைக்கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று சந்தில் ஒருவருக்கும் தெரியாது. தபால்காரருக்கே தெரியாது. ‘குடை நானா, கண்டி’ என்று எழுதிப் போட்டால் போதும், கடிதம் வந்து சேர்ந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எதிர்ப்பக்கத்துப் புடவைக்கடையில் நான் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். படுக்கையும் அந்தக் கடை மாடியில்தான். ஆகவே நானாவைப் பார்ப்பது எனக்குத் தொழில் பாதி, பொழுதுபோக்கு பாதி.

கிழிந்த குடையைத் தைத்துக் கொடுப்பது அவருக்குப் பிழைப்பு. புதுவிதக் குடை கண்டுபிடிப்பதுதான் வாழ்க்கை. மழை முகத்தில் அடிக்கும்போது குடையை முன்னால் சாய்த்தால் வழி தெரிவதில்லை என்பதற்காக, மைக்காத் தகடு பதித்து ஜன்னல் வைத்த குடை ஒன்று செய்தார். ஜன்னலில் தண்ணீர் வழிந்து, மாட்டு வண்டியெல்லாம் மலைபோலத் தெரிந்தது. புதுமணத் தம்பதிகளுக்காக இரண்டு பிடி வைத்த குடை செய்தார். அதை வாங்கிப்போன தம்பதி, எந்தப் பக்கம் திரும்புவது என்று நடுச்சந்தியில் சண்டை பிடித்து, ஆளுக்கொரு பக்கமாக நனைந்துகொண்டே போனதைச் சந்தே பார்த்தது.

விலைபோகாத கண்டுபிடிப்புகள் எல்லாம் கடைக்குப் பின்னாலிருந்த அவருடைய வீட்டுக் கூடத்தில், முகட்டு வளையில் தலைகீழாகத் தொங்கின.

“இந்த ஊட்ல மனிசர் ஈக்கிறமா, வௌவால் ஈக்கா?” என்று அவர் மனைவி கேட்பது எங்கள் கடைவரை கேட்கும். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; அதனால் அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்போம். ராத்தாவின் சொந்த அண்ணன் பக்கத்து ஊரான கம்பளையில் கடை வைத்திருந்தார். கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடக்கும் காலத்தில் அவர் குடும்பத்தோடு வந்தால், வௌவால்களுக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுக்கவேண்டும். ராத்தாவுக்கு அது பெரிய மானக்கேடு.

அந்த வீடு சரிவில் கட்டியது. தெருப்பக்கம் பார்த்தால் ஒரு தட்டு. பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் கீழே இன்னொரு அறை. முன்னால் இருந்தவர்கள் உருளைக்கிழங்கு மூட்டை போட்டு வைத்த நிலவறை அது. கடையின் மேசைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பலகைக் கதவு. அதைத் தூக்கினால் ஏணி. ஒரு நாள் ராத்தா அதை விருந்தாளி அறையாக்க வேண்டும் என்றார். நானா அதைப் பட்டறையாக்க வேண்டும் என்றார். வாக்குவாதம் வாரக்கணக்கில் நடந்தது. பிறகு திடீரென்று சத்தம் அடங்கியது. அதற்குப் பதிலாக, கீழேயிருந்து ‘டொக், டொக்’ என்று தோண்டும் சத்தம் வந்தது.

சந்துக்குத் தூக்கம் போயிற்று. சாக்குச் சாக்காக மண் வெளியே போகிறது. மனிதர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். ராசா காலத்துத் தங்கம் அகப்பட்டிருக்கிறது என்றார் தேநீர்க்கடைக்காரர். இல்லை, ஏரிவரை சுரங்கம் போகிறது என்றார் சலூன்காரர். என் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. உளவு பார்க்க என்னை அனுப்பத் தீர்மானித்தார். போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! கடையில் கிழிந்த குடை ஒன்றும் இல்லாததால், தம்முடைய நல்ல குடையையே கத்தரிக்கோலால் ஒரு கீறு கீறி என் கையில் கொடுத்தார்.

நானா கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

“எதுலயன் கிழிஞ்ச?”

“ஆணியில மாட்டிக்கிச்சு நானா.”

“நல்ல ஆணி. துணிக்கடைக் கத்தரிக்கோல் மாதிரி நேரா வெட்டீக்கி” என்றவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் பலகைக் கதவைத் தூக்கினார். “வாங்கொ தம்பி. பாக்கத்தானே வந்த?”

இறங்கினேன். தங்கமும் இல்லை, சுரங்கமும் இல்லை. சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. பின்பக்கம் புதிதாக வெட்டிய ஜன்னல், அதில் ஒரு பலாமரம் முழுசாக நின்றது. தரை தாழ்த்தப்பட்டு, ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சுவரோரம் கம்பி, சீலை, நூல், அரக்கு எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நடுவில் நீளமான மேசை ஒன்று. அதன் மத்தியில் குடைக் கம்பை நட்டுத் தைக்க வசதியாக ஒரு ஓட்டை.

“இது பட்டறை” என்றார் நானா. மேசைமேல் ஒரு பஞ்சு மெத்தையை விரித்தார். “இது விருந்தாளி அறை.”

மெத்தையின் நடுவிலும், ஓட்டைக்கு நேர் மேலே, அதே அளவில் ஓர் ஓட்டை இருந்தது.

“இது எதுக்கு நானா?”

“ஒவ்வொருக்கா மெத்தையத் தூக்க ஏலுமா?”

மலையிலிருந்து சுவர் வழியாக ஈரம் கசிந்தது. அதற்கும் வழி செய்திருந்தார். தலைமாட்டில் சுவரோடு ஒரு குடை பொருத்தியிருந்தது. இழுத்தால் விரியும். வீட்டுக்குள் படுத்துக்கொண்டு குடை பிடிக்கும் வசதி வேறெந்த ஊரில் இருக்கிறது சொல்லுங்கள்!

ஆனால் இரகசியத்தின் ஆணிவேர் பிறகுதான் பிடிபட்டது. கம்பிமேல் சீலையை இழுத்துக் கட்ட நான்கு கை வேண்டும். ராத்தா தம்முடைய இரண்டையும் எப்போதோ வாபஸ் வாங்கிவிட்டார்.

“விருந்தாளிக்கு வேலை செய்ய வெக்கமில்ல தம்பி. சும்மா ஈக்கத்தான் வெக்கம். அந்த வெக்கத்தப் போக்கிறது ஊட்டுக்காரன்ட கடமை இல்லியா? இந்தக் கம்பியக் கொஞ்சம் புடிங்கொ.”

அன்று நான் கடைக்குத் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

அடுத்த பெரஹராவுக்கு ராத்தாவின் அண்ணனான கம்பளை மச்சான் வந்தார். பருத்த உடம்பு, இடுப்பில் பட்டுச் சாரம், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை. முதல் நாள் முழுக்கக் கம்பி பிடித்தார். மறுநாள் காலை, தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் குடை வாங்கக் கடையில் நின்றிருந்தார். இன்னும் தைத்துக் கிடைக்காத முதலாளியின் குடைக்காக நானும் அங்கே இருந்தேன். திடீரென்று துரையின் காலடியில் பலகைக் கதவு திறந்தது. தரையிலிருந்து ஈரத்தலை ஒன்று எழுந்து, “துவாய் எங்க வெச்சீக்கி?” என்று கேட்டது. துரை துள்ளிய துள்ளலில் அவருடைய தொப்பி, கடையில் விற்பனைக்குத் தொங்கிய குடைகளில் ஒன்றில் போய் மாட்டிக்கொண்டது. “எங்கட விருந்தாளி” என்று நானா பெருமையோடு அறிமுகம் செய்துவைத்தார்.

மச்சான் அன்றைக்கே பெட்டியைக் கட்டினார்.

“தங்கச்சி, இனி ஒங்கட ஊட்டுக்கு வந்தா எனக்குப் பேர் வேற. மனிசன ஓட்டையில படுக்கப்போட்டு வேல வாங்குற ஊடா இது?”

அதற்குப் பிறகு கம்பளையிலிருந்து யாரும் வரவில்லை. நல்ல நாளிலும் வரவில்லை. ராத்தா சமைத்தார், பரிமாறினார், ஆனால் நானாவோடு பேச்சு மட்டும் இல்லை. திட்டினால் தாங்கிக்கொள்கிற மனிதர், இந்த மௌனத்தில் ஒடுங்கிப்போனார். கீழே இறங்குவதே குறைந்துவிட்டது. அரக்கு வாசனை இல்லாத சந்து எங்களுக்கும் என்னவோபோல் இருந்தது.

ஒரு மத்தியானம். நல்ல மழை. நானாவின் கடைத் தாழ்வாரத்தில் ஒரு ஆள் ஒதுங்கி நின்றார். தலையில் சாக்கு, காலில் செருப்பில்லை. கையை இறுக்கிப் பிசைந்துகொண்டே இருந்தார். நானா கேட்கவும் சொன்னார்.

“தோட்டத்துலருந்து வந்திருக்கேங்க. பேரு கருப்பையா. சம்சாரத்த ஆஸ்பத்திரில சேத்திருக்கு. வயித்த அறுத்துப் பாக்கணும்னுட்டாங்க. சாயந்தரமா வந்து கேளுன்னாங்க. அதுவரைக்கும் எங்கிட்டுப் போறதுன்னு தெரியலைங்க.”

நானா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தார்.

“உள்ள வாங்கொ. கம்பி புடிக்க ஆளில்லாம நிக்கிறன்.”

பழைய வழக்கத்தை மறுபடி தொடங்கிவிட்டாரே என்று, வேடிக்கை பார்க்க நானும் இறங்கினேன். கருப்பையா கம்பியைப் பிடித்தார். நானா சீலையை இழுத்துத் தைத்தார். கொஞ்ச நேரத்தில் கருப்பையாவின் கை கம்பியில் நிலைத்தது. பிறகு வாய் திறந்தது.

“கொழுந்து பறிக்கிறதுல எங்க மலையில அவதாங்க முதல். வாயிலயும் முதல்தான். உள்ள கூட்டிட்டுப் போறப்ப என்னையப் பாத்து, ‘நின்னுக்கிட்டே இருக்காத, போயி எங்கயாச்சும் சாப்புடு’ன்னு ஏசுனாளுங்க.”

நானா தலையை ஆட்டினார். குடை முடியும் கட்டத்துக்கு வந்தது. அப்போது, நன்றாக விழுந்திருந்த கடைசித் தையலைச் சட்டென்று வெட்டிப் பிரித்தார்.

“கோணிட்டுது. திரும்பத் தைப்பம்.”

எனக்குத் துணி தெரியும். அந்தத் தையலில் கோணல் இல்லை. மறுபடி தைத்தார், மறுபடி பிரித்தார். மூன்றாம் தடவை கத்தரிக்கோலை எடுத்தபோது நான் வாயைத் திறந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நூலைக் கோர்த்துக் கொடுத்தேன். தலைக்கு மேலே பலகைக் கதவு திறந்திருந்தது. அங்கே ராத்தா குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

வெளிச்சம் சாய்ந்ததும், கருப்பையாவைத் தனியாக விடாமல் நானாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார். ராத்தாவும் நானும் கடை வாசலில் நின்றோம். மழை விடவில்லை. வெகு நேரம் கழித்து, சந்தின் அடியில் ஒரு பெரிய குடை தெரிந்தது. குடை தாழ்ந்திருந்ததால் முகங்கள் மறைந்து, நான்கு கால்கள் மட்டும் ஏறி வந்தன. சேதி நல்லதா கெட்டதா என்று கால்களைப் பார்த்து எப்படிச் சொல்வது? ராத்தா முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டார்.

குடை நிமிர்ந்தது. கருப்பையா அழுதுகொண்டிருந்தார். நானாதான் சொன்னார்.

“தப்பிட்டா. கண் முழிச்ச ஒடனே ‘சாப்டியா’ண்டு கேட்டிச்சாம். இந்த மனிசன் இல்லண்டு செல்லி ஏச்சு வாங்கீக்கி.”

ராத்தா நானாவைப் பார்த்துப் பேசினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

“பாத்துக்கொண்டு நிக்கிறீங்கொ? மனிசர உள்ள கூட்டி வாங்கொ. சோறு ஆறுது.”

மனைவி குணமாகி வெளியே வரும்வரை கருப்பையா அங்கேதான் தங்கினார். பிறகு அவளும் சில நாள் தங்கினாள். அந்தப் பெண் படுக்க வந்த அன்றே ராத்தா மெத்தை ஓட்டையில் பஞ்சை அடைத்துத் தைத்துவிட்டார். நானாதான் நூல் எடுத்துக் கொடுத்தார்.

அதன்பிறகு அந்த அறை காலியாகவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் திகைத்து நிற்கும் தோட்டத்து ஆட்களிடம், “குடைக்கடையில போய்க் கேளுங்க” என்று யாராவது சொல்லி அனுப்பினார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் வந்தார்கள். காத்திருக்கும் மத்தியானங்களில் எல்லோரும் கம்பி பிடித்தார்கள். போகும்போது நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். நானா கூச்சத்தில், அடுத்த குடையில் வைக்கப்போகும் புதுமையைப் பற்றி ஏதாவது உளறுவார்.

சேதி கம்பளைக்கும் எட்டியது. மச்சான் வந்து இறங்கினார்.

“ஊர் பேர் தெரியாதவனெல்லாம் இங்க தங்குறானாம். கூடப்பொறந்தவனுக்கு எடமில்லையா?”

“கம்பி புடிக்க ஏலுமெண்டா தங்குங்கொ” என்றார் ராத்தா.

மச்சான் பட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

சில வருடங்களில் எனக்குக் கொழும்பில் வேறு கடையில் வேலை கிடைத்தது. கண்டியில் இப்போது என் அக்கா வீடு இருக்கிறது, சித்தப்பா வீடு இருக்கிறது, யார் வீட்டிலும் எனக்குக் கதவு சாத்தியிருப்பதில்லை. ஆனாலும் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் ஒருவருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. போக்கிடம் இல்லாதவன்போல் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அந்தச் சந்தில் ஏறிவிடுவேன்.