ஆந்தையார் குடித்த விடை

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வக உதவியாளர் திரு. தவசிமுத்து. சொல்லி முடிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை.

ஒரு காட்டில் கல்லூரி ஒன்று இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு ஆண்டுதோறும் வெளித்தேர்வாளராக வருபவர் ஆந்தையார். பகலில் அவருக்குக் கண் திறக்காது. நாற்காலியில் அமர்ந்ததும் உறங்குவார். அந்தியில் எழுந்து, எல்லோருக்கும் தேர்ச்சி போட்டுவிட்டுப் பறந்துவிடுவார்.

அவ்வாண்டுக் கேள்வி: பத்து கிராம் தேயிலையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்து, அதன் உருகுநிலையைக் காண்க.

நரி உப்பைப் பொடித்துத் தாளில் மடித்தது. குரங்கு சர்க்கரையை மடித்தது. முள்ளம்பன்றி மட்டும் தேயிலையைக் கொதிக்கவைத்தது. தேயிலைத் தோட்டமொன்றில் அதற்குச் சோதனையாளர் வேலை காத்திருந்தது. தேர்ச்சிச் சான்றிதழ் ஒன்றுதான் குறை.

"ஏன்டா முள்ளு, நெஜமாவே செய்யப்போறியா?" என்றது குரங்கு.

"கேள்வியில அப்படித்தானே போட்டிருக்கு?"

"போட்டிருக்கும். அதுக்காக?"

முள்ளம்பன்றி சாற்றை வடிகட்டி, முகவையில் ஆறவைத்துவிட்டு, அதிலிருந்து காஃபீனைப் பிரிக்கக் குளோரோஃபார்ம் வாங்கச் சென்றது. தேயிலை மணம் ஆந்தையாரை எட்டியது. கண்ணைத் திறக்காமலே சிறகை நீட்டி, முகவையை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஆய்வகத்தை அவர் பகலில் பார்த்தது அதுவே முதன்முறை.

"படிகங்களைக் கொண்டு வாருங்கள். நானே உருக்கிப் பார்க்கிறேன்."

காஃபீன் இருநூற்று முப்பத்தைந்து பாகையில் உருகவேண்டும். நரியினுடையது எந்தச் சூட்டுக்கும் அசையவில்லை. குரங்கினுடையது கருகி, ஆய்வகமே மிட்டாய்க்கடையாக மணத்தது. இருவருக்கும் சுழியம்.

"எழுப்பி விட்டுட்டியே, பாவி," என்றது நரி.

முள்ளம்பன்றி வெற்று முகவையுடன் நின்றது. "ஐயா, என் காஃபீன் உங்களுக்குள்ளதான் இருக்கு. நீங்க முழிச்சிருக்கிறதே அதுக்குச் சாட்சி."

"மறுக்கவில்லை, நல்ல சாறு. ஆனால் விளைபொருளை விடைத்தாளுடன் இணைக்கவேண்டும் என்பது விதி. என்னை எப்படி இணைப்பாய்?"

மூன்றாவது சுழியமும் விழுந்தது. தோட்டத்து வேலை, முந்தைய ஆண்டில் தேறிய ஆமைக்குப் போயிற்று. அது தேயிலையைக் கண்ணால் கண்டதில்லை.

முள்ளம்பன்றி மேல்முறையீடு செய்தது. ஐந்து மாதம் கழித்து மடல் வந்தது: "தங்கள் புகார் உண்மையென ஏற்கப்படுகிறது. இழப்பு இத்துடன் முழுமையாக ஈடுசெய்யப்படுகிறது." உறைக்குள் தேயிலை இருந்தது. நிறுத்துப் பார்த்தது, சரியாகப் பத்து கிராம்.

நீதி: தேர்வாளர் உறங்கும் அறையில் உண்மையாக உழைக்காதே, உழைத்தே தீருவேன் என்றால், மணமற்ற பாடமாகப் பார்த்துச் சேர்.